நீல டிக் விழுந்தும் பதில் இல்லை

ராஜபாளையத்துக்குப் போகிறேன் என்றதும் மலேசியாவின் கிள்ளானில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நாய் வாங்கவா? இல்லை, முதியோர் கல்வி வகுப்பு ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் அவர்கள் முகம் சப்பென்று ஆகிவிடும். எங்கள் தெருக்கோடி மருந்துக்கடைக்காரர் மட்டும் அதற்கும் அசரவில்லை. அப்படியே ஒரு குட்டி என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

என் வேலை இதுதான். ஓய்வு பெற்ற தமிழாசிரியைகள் நாங்கள் சிலர் சேர்ந்து, எழுத்தறியாத பெரியவர்களுக்காக ஒரு செயலி தயாரித்திருந்தோம். டேப் திரையில் சரியான எழுத்தைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் வரும். நட்சத்திரங்கள் சேர்ந்தால் வாணவேடிக்கை, அதோடு கைதட்டல். அந்தக் கைதட்டலைக் கடையில் வாங்கவில்லை. ஒரு பள்ளி மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து நிஜமாகவே தட்டச் சொல்லிப் பதிவு செய்தோம். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ராஜபாளையத்து வகுப்புக்குச் சில டேப்களை அனுப்பிவைத்தோம். முதலில் கொஞ்ச நாள் அவர்கள் வாங்கிய நட்சத்திரங்கள் எங்கள் கணினிக்கு வந்தன. பிறகு ஒன்றுகூட வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்த்து வர யாராவது போகவேண்டும் என்றபோது, வீட்டில் வேலையில்லாதவளும் முழங்கால் வலி இல்லாதவளும் நான் ஒருத்திதான்.

முதல் நாள் காலை விடுதிக்குப் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கடையில் இட்லியும் மிளகாய்ப் பொடியும் சாப்பிட்டேன். பரிமாறியவர், பொடியில் குழி பறித்து அதில் நல்லெண்ணெய் விட்டார். போதும் என்று கையைக் காட்டினால், போதும் என்பதை ‘இன்னொன்று’ என்றே புரிந்துகொள்வார் போல. நாலாவது இட்லியோடு இலையை மடித்துத் தப்பித்தேன். எங்கள் ஊரில் காலையிலேயே பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் தின்று வளர்ந்த வயிறு இது. அதற்கே மதியம் வரை பசி எடுக்கவில்லை.

ஆட்டோக்காரரிடம் நான் செய்த தவறு, பஞ்சாலைக்குப் பக்கத்திலிருக்கும் சர்ச்சுக்குப் போகணும் என்று சொன்னது. அவர் என்னை ஒரு சர்ச்சுக்குக் கொண்டுபோனார். அது இல்லை. இன்னொன்றுக்குக் கொண்டுபோனார். அதுவும் இல்லை. மில்லுக்குப் பக்கத்தில்தான் என்று நான் மறுபடி சொன்னேன். இந்த ஊரில் மில் பக்கத்தில் இல்லாத தெருவை நீங்கள் காட்டுங்கள் பார்ப்போம் என்று அவர் கோபமே இல்லாமல் சொன்னார். கடைசியில் வகுப்பை நடத்தும் டீச்சருக்கே போன் போட்டு வழி கேட்டோம். சுற்றியதற்குச் சேர்த்துக் காசு கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஊர் சுத்திப் பாத்த மாதிரி ஆச்சுல்லக்கா என்றார்.

கிரேஸ் டீச்சர் பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். மாலையில் சர்ச்சின் பின்பக்கக் கூடத்தில் இந்த வகுப்பை நடத்துகிறார். வருகிறவர்கள் அநேகமாகப் பஞ்சாலையிலும் பேண்டேஜ் துணித் தறியிலும் வேலை செய்யும் பெண்கள். ஷிப்ட் முடிந்து, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் டேப்கள் எங்கே என்று கேட்டேன். டீச்சர் இரும்பு அலமாரியைத் திறந்தார். எல்லாம் வரிசையாக அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம் குங்குமம். ஆயுத பூஜைக்கு அக்காமார் வைத்தது, நான் துடைக்கவில்லை என்றார் டீச்சர். பைபிள் வசனம் எழுதிய சுவருக்குக் கீழே என் டேப்கள் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். கெடவில்லையாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகட்டும் என்று கொடுத்தபோது எல்லாரும் ஆசையாகத்தான் வாங்கிப் போயிருக்கிறார்கள். ஆனால் நாலு எழுத்தைச் சரியாகத் தொட்டால் உள்ளிருந்து ஒரு கூட்டமே கைதட்டுகிறது. பக்கத்து வீடு வரை கேட்கிறது. படிக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள் பாதிப் பேர். கட்டிலுக்கு அடியில் குனிந்து பழகிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், உள்ளே என்ன கச்சேரி நடக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். மறுநாள் அந்த அக்கா டேப்பைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவ்வளவு பிள்ளைகள், அவ்வளவு கைகள். அன்றே கிள்ளானுக்குச் செய்தி அனுப்பினேன்: கைதட்டலை எடுத்துவிடுங்கள்.

ஆனால் வகுப்பு நடக்காமல் இல்லை. எல்லார் மடியிலும் அவரவர் கைபேசி இருந்தது. டீச்சர் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார். அதில் ஒரே சட்டம். குரல் பதிவு போடக்கூடாது, போட்டால் அடுத்த நாள் வகுப்புக்கே முறுக்கு வாங்கி வரவேண்டும். என்ன சொல்வதானாலும் எழுத வேண்டும். ‘நான் இன்னைக்கு வரல’ என்று எழுத ஒருவருக்கு அரைமணி நேரம் ஆகிறது, அதற்குள் வகுப்புக்கே வந்துவிடலாம் என்று சிரிக்கிறார்கள். என்ன ஆசையில் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பேருந்துப் பலகை, வங்கிக் கையெழுத்து என்று எங்கள் செயலியில் நாங்கள் வைத்திருந்த பாடங்களை ஒருவரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் குழுவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியவேண்டும். மதினி ஸ்டேட்டஸில் யாரைக் குத்திப் போட்டிருக்கிறாள் என்று தெரியவேண்டும். அதுதான் ஆசை. நாங்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தும் எட்டாத ஒன்றைக் குடும்பச் சண்டை எட்டியிருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

கடைசி பெஞ்சில் ஓர் அம்மாள் மட்டும் சிரிப்பில் சேரவில்லை. பேச்சியம்மாள் என்று பெயர். பஞ்சாலையில் வேலை. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். வகுப்பு கலைந்ததும் டீச்சர் என்னையும் அவரையும் பருத்திப்பால் வண்டிக்குக் கூட்டிப்போனார். இந்த ஊரில் அதைச் சுடச்சுடக் குடிக்கிறார்கள். கருப்பட்டியும் சுக்கும் மணக்கிறது. ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பேச்சியம்மாள் தன் கதையைச் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், கனகா. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. பெண் பேசும்போது யாரோ, அம்மாவும் எட்டாம் வகுப்பு படித்தவள்தான் என்று ஒரு கௌரவத்துக்குச் சொல்லிவைக்க, பேச்சியம்மாள் மறுக்காமல் இருந்துவிட்டார். கல்யாணமும் ஆகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மாப்பிள்ளை ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தார். ஒருநாள் அதில் ஒரு படம் வந்தது. கூலிங்கிளாஸ் போட்ட ஓர் இளைஞன், சுற்றிலும் ரோஜாப்பூ, இரண்டு புறா, ஓரத்தில் எரிகிற மெழுகுவர்த்தி. மாப்பிள்ளை வீட்டில் யாருக்கோ பிறந்தநாள் என்று பேச்சியம்மாள் நினைத்துக்கொண்டார். ஒரு கேக் படம் போட்டார். சம்பந்தி வீட்டுக்கு ஒன்றே ஒன்று போட்டால் கஞ்சத்தனமாக இருக்கும் என்று மூன்றாகப் போட்டார்.

அது நினைவஞ்சலி. அந்த இளைஞன், கனகாவின் மாமியார் கோதையம்மாள் தூக்கி வளர்த்த தம்பி. சில வருஷங்களுக்கு முன் சாலை விபத்தில் போய்விட்டவன்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோதையம்மாள் அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை. வளைகாப்புக்குப் போனபோது பேச்சியம்மாள், கை தவறிப் பட்டுவிட்டது என்றிருக்கிறார். ஒண்ணு தவறும், மூணு எப்படித் தவறும் என்று கேட்டுவிட்டுக் கோதையம்மாள் எழுந்து போய்விட்டாராம். எழுத்துத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. எட்டாம் வகுப்புப் பொய் குறுக்கே நிற்கிறது. அம்மாவின் மானம் போய்விடுமே என்று கனகாவும் வாயைத் திறக்கவில்லை. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவதுதான் வழக்கம், முதல் பிரசவம் அங்கேதான். பிரசவத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கனகாவுக்கு இது ஒன்பதாம் மாதம்.

“எம் பிள்ள பெறுத நேரத்துல எங்கிட்ட இல்லாம போயிருவாளோன்னு இருக்குக்கா,” என்றார் பேச்சியம்மாள். “எழுதத் தெரிஞ்ச அன்னைக்கு நானே எங் கையால உள்ளத எழுதி அனுப்பிருவேன்னு தான் படிக்க வந்தேன்.”

மறுநாள் காலை பேருந்து நிலையத்துப் பக்கம் போனபோது, கம்பத்தில் கட்டியிருந்த இரண்டு பேனர்களைப் பார்த்தேன். ஒன்று யாருக்கோ பிறந்தநாள், இன்னொன்று யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. இரண்டிலும் வெள்ளைச்சட்டை, மீசை, பூ, கீழே வரிசையாகச் சொந்தக்காரர் முகங்கள். கண்ணைச் சுருக்கி, எழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்தேன். எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் ஊரில் இறந்தவர் படம் பத்திரிகையில் கறுப்புக் கட்டத்துக்குள் வரும், தெருவில் நின்று சிரிக்காது. இங்கே வாழ்ந்தவருக்கும் வாழ்கிறவருக்கும் ஒரே அச்சகம்.

அன்று மாலை பேச்சியம்மாள் எழுதத் தொடங்கினார். கோதையம்மாளின் சொந்த எண்ணுக்குத்தான், குழுவில் இல்லை. ‘கோதை மதினிக்கு’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு முடித்ததும், அடுத்த சொல்லை போனே நீட்டியது: இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். பெயருக்குப் பின்னால் எல்லாரும் அதைத்தானே எழுதுகிறார்கள், போன் என்ன செய்யும். பேச்சியம்மாள் விரலைத் தூக்கிக்கொண்டு அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். “பொறந்தநாளாம்ல,” என்று டீச்சரைப் பார்த்துச் சொன்னார். “இது வேண்டாம்.” அதைத் தாண்டிப் போய் அடுத்த எழுத்தைத் தேடினார். வகுப்பில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுதி முடிக்க அடுத்த மாலையும் ஆயிற்று. முடித்து என்னிடம் காட்டினார்.

‘கோதை மதினிக்கு பேச்சி எழுதுரது. அன்னைக்கு கேக் போட்டது நக்கல் இல்ல. எனக்கு வாசிக்க தெரியாது. எட்டாங்கிளாஸ் பொய். உங்க தம்பினு தெரியாம போட்டேன். இப்ப படிக்கேன். மன்னிச்சுகிடுங்க. கனகாவ அனுப்புங்க.’

‘எழுதுரது’ என்பதைப் பார்த்ததும் முப்பது வருஷம் சிவப்பு மை பிடித்த என் விரல் தானாக நீண்டது. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் விரலை மடக்கிக்கொண்டேன். பேச்சியம்மாள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்து அனுப்பினார். எல்லாரும் சுற்றி நின்றோம். முதலில் ஒரு டிக், பிறகு இரண்டு. செத்த நேரத்தில் இரண்டும் நீலமாகிவிட்டன. பார்த்துட்டாக, பார்த்துட்டாக என்று ஒரே சலசலப்பு. பதிலுக்குக் காத்திருந்தோம். சர்ச் பூட்டும் நேரம் வந்துவிட்டது. பதில் இல்லை.

மறுநாளும் வரவில்லை. பேச்சியம்மாளும் வகுப்புக்கு வரவில்லை. படித்த பிறகும் ஒரு வார்த்தை இல்லை என்றால் அவர்கள் மனசு இறங்கவில்லை என்றுதானே அர்த்தம், இனி எதற்குப் படிப்பு என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று வகுப்பில் யாருமே போனை எடுக்கவில்லை. எழுதி என்ன கண்டோம் என்ற எண்ணம் எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. டீச்சர் கரும்பலகையில் ஏதோ எழுதினார், அழித்தார். எனக்கு அந்த நீல டிக் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பார்த்தேன் என்று பல்லைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறதே.

நேரில் போய்விட வேண்டியதுதான் என்று நானும் டீச்சரும் முடிவு செய்தோம். டீச்சருக்குப் பள்ளிக்கூடம். ஆகவே காலையில் நான் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். முதலில் மாட்டேன் என்றார். வாசலில் நிறுத்தி அனுப்பிவிட்டால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். மலேசியாவிலிருந்து ஒருத்தி கூட வந்திருக்கும்போது வாசலில் நிறுத்தமாட்டார்கள் என்று நான் என் வெளிநாட்டு மதிப்பைப் போட்டுப் பேசினேன். வெறுங்கையோடு போகக்கூடாது, அங்கே இறங்கியதும் பால்கோவா வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனையும் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வில்லிபுத்தூர்க்காரிக்கே பால்கோவாவா? மகளுக்கு ஆசை என்று ஒரு பை நிறைய ராஜபாளையத்துச் சப்பட்டை மாங்காய் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பஸ் போர்டை அவரேதான் வாசிப்பார், நான் வாயைத் திறக்கக்கூடாது.

ஒப்புக்கொண்டது என் தப்பு. பேருந்து நிலையத்தில் மதுரை, மதுரை என்றுதான் கத்துகிறார்கள். நடுவில் இருக்கிற ஊருக்கு யாரும் கத்துவதில்லை. முதலில் வந்த பேருந்தின் பலகையைப் பேச்சியம்மாள் அண்ணாந்து பார்த்து, “தி… ரு…” என்று தொடங்கினார். திருநெல்வேலி வண்டி, நமக்கில்லை என்று விட்டுவிட்டார். அதில் திருவில்லிபுத்தூர் என்று எழுதியிருந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுத்த வண்டியில் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டார். ஊரார் எல்லாரும் சீவில்லிபுத்தூர் என்றுதான் சொல்கிறார்கள், ஆகவே அவர் ‘சீ’யைத் தேடுகிறார். ‘சீ’ எங்கேயும் இல்லை. அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே வண்டி புறப்பட்டுவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாங்காய்ப் பை என் கையில்.

மூன்றாவதாக ஒரு டவுன் பஸ் வந்தது. வேறு வழியில்லாமல் கண்டக்டரிடம், வில்லிபுத்தூர் போகுமா என்று கேட்டார் பேச்சியம்மாள். அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே, போர்டில் போட்டிருக்கிறதே, வாசிக்கத் தெரியாதா என்றார். எனக்குத்தான் சுருக்கென்றது. பேச்சியம்மாள் அசையவில்லை.

“தெரியும். இந்த மொத எழுத்துத்தான் தெரியல. இது என்ன எழுத்து?”

கண்டக்டர் சில்லறையைப் பையில் போட்டார். கீழே இறங்கி வந்து பலகையைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, அது ‘ஸ்ரீ’ம்மா என்றார். முன்சீட்டில் இருந்த ஒரு பெரியவர், ஸ்ரீராமுக்கும் அதே ஸ்ரீதான் என்று எடுத்துக் கொடுத்தார். இன்னொருவர், அது நம் எழுத்தே இல்லை, அதனால்தான் பலருக்குத் தெரிவதில்லை என்றார். வண்டி கிளம்பும்வரை இதே பேச்சு. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி அது. கண்டக்டர் எனக்கும் ஒரு இலவசச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். நான் வெளிநாட்டுக்காரி என்றேன். பெண்தானே என்றார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் திருவண்ணாமலைக்குப் போவதாகச் சொன்னதும் பதறிவிட்டேன். அது வடக்கே எங்கோ அல்லவா இருக்கிறது. இல்லையாம், வில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே மலைமேல் பெருமாள் இருக்கும் திருவண்ணாமலை ஒன்று உண்டாம். ஓர் ஊருக்கு மூன்று பெயர், ஒரு பெயருக்கு இரண்டு ஊர். பேச்சியம்மாள் மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச எரிச்சலும் போய்விட்டது. அவரோ எதையும் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்ரீ தேடிக்கொண்டிருந்தார். ஊருக்குள் நுழைந்ததும் பால்கோவாக் கடைகள் வந்தன. எல்லாக் கடையிலும் ஸ்ரீ. “இம்புட்டு நாளா அத ஏதோ கோலம்னுல்லா நெனச்சேன்,” என்றார்.

கோதையம்மாள் வீடு தேரடியிலிருந்து உள்ளே போகும் தெருவில். கனகாதான் கதவைத் திறந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அம்மா என்று சொல்லக்கூடத் தயங்கி நின்றாள். கோதையம்மாள் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்து வாங்க என்றார். பேச்சியம்மாளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். இரண்டு பேருக்கும் தண்ணீர் வந்தது. நான் குடித்தேன். பேச்சியம்மாள் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார். மாங்காய்ப் பை சுவரோரம் கிடந்தது, யாரும் அதைத் தொடவில்லை.

நான் மலேசியாவைப் பற்றி ஏதோ பேசினேன். மழை, பாமாயில் தோட்டம், வாயில் வந்ததெல்லாம். கோதையம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பேச்சு தீர்ந்துபோனது. அப்போது பேச்சியம்மாள், மெசேஜ் ஒன்று போட்டிருந்தேனே, பார்த்தீர்களா மதினி என்று கேட்டார். பார்த்தேன் என்றார் கோதையம்மாள். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கோபம் இல்லை, வேறு ஏதோ ஒன்று இருந்தது, எனக்குப் பிடிபடவில்லை.

பேச்சியம்மாள் எழுந்து போய், மேசைமேல் இருந்த கோதையம்மாளின் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இன்னொரு தடவை பாருங்கள் மதினி, எல்லாம் அதில் எழுதியிருக்கிறேன் என்றார். கோதையம்மாள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அப்புறம் கிட்டே கொண்டுவந்தார்.

“கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன். எழுத்து தெரியமாட்டேங்கு.”

பேச்சியம்மாள் அப்படியே நின்றுவிட்டார். ரேஷன் கடையில், வங்கியில், ஆஸ்பத்திரியில், ஆயுசு முழுக்க அவர் சொல்லி வந்த வாக்கியம் அது. கிள்ளானில் என் வகுப்புக்கு வந்த பாட்டிமார்களும் அதே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள், சொன்ன ஒருவரிடமும் கண்ணாடி இருந்ததில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த நீல டிக், பார்த்தார்கள் என்று மட்டும்தான் சொன்னது. கேக் படத்தைப் பார்க்க எழுத்து வேண்டியதில்லை, மன்னிப்பை வாசிக்க வேண்டும். வேலைக்குப் போய்வரும் மகனிடமோ வீட்டிலிருக்கும் மருமகளிடமோ வாசித்துச் சொல் என்று கேட்க அவருக்கும் ஒரு மானம் குறுக்கே நின்றிருக்கிறது.

பேச்சியம்மாள் கண்ணாடியைத் தேடவில்லை. தேடித் தரவா என்று கேட்கவும் இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். கோதையம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பி, மலேசியாக்காவுக்குக் காப்பி போடு என்று கனகாவை உள்ளே அனுப்பிவிட்டு, “நீங்களே வாசிங்க,” என்று பேச்சியம்மாளிடம் சொன்னார்.

பேச்சியம்மாள் விரலை வைத்து வாசித்தார். ஒவ்வொரு எழுத்தாக, வகுப்பில் வாசிப்பதுபோலவே. ‘எனக்கு வாசிக்க தெரியாது’ என்பதையும் வாசித்தார். ‘எட்டாங்கிளாஸ் பொய்’ வந்தபோது குரல் இறங்கியது. நிறுத்தவில்லை. ‘உங்க தம்பினு’ என்ற இடத்தில் கோதையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வாசித்து முடித்தார். உள்ளே பால் பொங்கி அடுப்பில் விழும் சத்தம் கேட்டது.

கோதையம்மாள் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினேன்.

“இதுல எம் பேரு எங்க இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

பேச்சியம்மாள் இரண்டு விரலால் திரையை விரித்தார். எழுத்து பெரிதாகி, திரை முழுக்க அந்தப் பெயர் மட்டும் நின்றது. முன்னால் இருக்கும் கொம்பு, நடுவில் க, பின்னால் கால், எல்லாம் சேர்ந்து ‘கோ’. அடுத்தது ‘தை’. விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். தொட்டால் பெயர் போய்விடுமோ என்பதுபோல் கோதையம்மாள் தன் விரலைத் திரைக்கு மேலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

“ரெண்டு எழுத்துத்தானா?”

“ரெண்டே ரெண்டுதான் மதினி.”

கனகா காப்பியோடு வந்தாள். கோதையம்மாள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். மாங்காய்ப் பையைக் காட்டி, அதை எடுத்து உள்ளே வை என்று மருமகளிடம் சொன்னார். பிறகு, எல்லாருக்கும் கேட்கிற குரலில், வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். கனகா தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நாங்கள் கிளம்பியபோது கோதையம்மாள் வாசல் வரை வந்தார். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சியம்மாளின் கையைப் பிடித்து, மருமகளுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“வெள்ளிக்கிழம வாரப்ப, அந்த ரெண்டு எழுத்தையும் ஒரு தாள்ல பெருசா எழுதிக் கொண்டாங்க மதினி.”